கேமராவை முழுங்கின கதை

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு. இன்னைக்கு எப்படியாவது முடிச்சிடணும்னு உட்கார்ந்திருக்கேன்.

இப்படி ஒரு ஆளை நினைச்சுப் பாருங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் 6. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏத்தி அனுப்புறாங்க. மூணு மாசத்துல மறுபடியும் 6. உள்ளே எங்கேயோ கசியுதுன்னு சந்தேகம். வாய் வழியா எண்டோஸ்கோப்பி பண்றாங்க, இரைப்பை நல்லா இருக்கு. ஆசனவாய் வழியா கொலோனோஸ்கோப்பி பண்றாங்க, பெருங்குடலும் சுத்தம். ரெண்டு ரிப்போர்ட்லயும் 'நார்மல்'னு போட்டிருக்கு. ஆனா மனுஷன் மட்டும் நார்மலா இல்லை!

இதுக்கு மருத்துவத்துல ஒரு பேரே இருந்துச்சு: 'அப்ஸ்க்யூர் ப்ளீடிங்', அதாவது புலப்படாத ரத்தக்கசிவு. செரிமானப் பாதையில் ரத்தம் கசியற நோயாளிகள்ல சுமார் 5 சதவீதம் பேர் இந்தக் கணக்குல வருவாங்க. அவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கசிவு சிறுகுடல்லதான். அந்தக் காலத்துல குழாய் போய்ச் சேராத இடமும் அதுதான். மேலே இருந்து போற குழாய் சிறுகுடலோட வாசல்லயே நின்னுடும். கீழே இருந்து வர்றது அதோட கடைசிக் கொஞ்சத்தைத் தொட்டுட்டுத் திரும்பிடும். நடுவுல மடிஞ்சு மடிஞ்சு கிடக்கிற சுமார் 20 அடியில என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

டாக்டர்கள் சும்மா இருந்துடலை. பேரியம் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. கட்டி இருந்தா அதுல தெரியலாம். ஆனா குடல் சுவர்ல தட்டையா, சிவப்புப் புள்ளி மாதிரி இருக்கிற ரத்தக்குழாய்க் கோளாறு தெரியாது. மூக்கு வழியா மெல்லிசான குழாயை விட்டு, குடலே அதை இழுத்துட்டுப் போகட்டும்னு மணிக்கணக்கா காத்திருந்தும் பார்த்தாங்க. கடைசி வழி ஆபரேஷன். வயித்தைத் திறந்து, பாவாடையில நாடா கோர்க்கிற மாதிரி, குடலைக் கையாலேயே சுருக்கிச் சுருக்கிக் குழாய் மேல ஏத்தணும். ரத்தம் எங்கே வருதுன்னு பார்க்கிறதுக்கே இவ்வளவு பாடு!

இங்கே கொஞ்சம் பின்னாடி போவோம். 1957-ல் ரெண்டு காரியம் நடந்தது. கண்ணாடி இழையால் ஆன வளையும் எண்டோஸ்கோப்பைப் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் தன் தொண்டையிலேயே முதல்ல விட்டுப் பார்த்தார். அதே வருஷம் விழுங்கக்கூடிய 'ரேடியோ மாத்திரை' பத்தின ஆய்வுக் கட்டுரைகளும் வந்துச்சு. அதுல ஒரு குழுவில் இருந்தவர் விளாடிமிர் ஸ்வோரிகின். ஆமாங்க, டிவி கேமராக் குழாய்க்குப் பேர் போன அதே ஸ்வோரிகின்தான். அந்த மாத்திரை குடலுக்குள்ள இருக்கிற அழுத்தத்தை ரேடியோ அலையில் வெளியே சொல்லும். ஆனா கண்ணு கிடையாது. டிவிக்குக் கண்ணு கொடுத்தவராலேயே மாத்திரைக்குக் கண்ணு வைக்க முடியலை. அதுக்கு இன்னும் நாப்பது வருஷம் ஆச்சு.

இனிமேதான் கதையே. இதைப் பத்திப் பொதுவா நாம கேள்விப்படறது ஒரே வரிதான்: இஸ்ரேல்ல ஏவுகணை செய்யற இன்ஜினியர் ஒருத்தர் மாத்திரைக் கேமராவைக் கண்டுபிடிச்சார். தப்பில்லை, ஆனா பாதிக் கதை.

கவ்ரியல் இடான், ரஃபேல் என்கிற ஆயுத ஆராய்ச்சி நிறுவனத்துல ஆளு. ஏவுகணையோட மூக்குல உட்கார்ந்து இலக்கைப் பார்க்கிற 'கண்'தான் அவரோட துறை. 1981-ல் நீண்ட விடுப்பு எடுத்து அமெரிக்காவில் பாஸ்டன்ல இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏய்தன் ஸ்காப்பா, அவரும் இஸ்ரேல்காரர், குடல்நோய் டாக்டர். ரெண்டு பேரும் பேசிக்கும்போது ஸ்காப்பா எண்டோஸ்கோப்பைப் பத்திச் சொல்லிட்டு, சிறுகுடலைப் பார்க்க மட்டும் வழியில்லைன்னு புலம்பியிருக்கார். ஏவுகணைக்குக் கண்ணு வைக்கிற நீ இதுக்கு ஒண்ணு பண்ண மாட்டியான்னு கேட்கிற மாதிரியான பேச்சு.

இடான் யோசிச்சுப் பார்த்தார். நடக்கலை. அன்னைக்கு இருந்த கேமரா சிப் மின்சாரத்தை அப்படிக் குடிக்கும். விழுங்கற அளவு பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது. குடலைக் கடக்கவோ மணிக்கணக்காகும். அதோட விட்டுட்டார். பத்து வருஷம் கழிச்சு மறுபடி சந்திச்சப்போ, ஸ்காப்பா திரும்பவும் அதே பேச்சை எடுக்கிறார். சிறுகுடல் இன்னும் இருட்டாவேதான் இருக்கு!

இந்தத் தடவை உலகம் கொஞ்சம் மாறியிருந்தது. நாசாவோட ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்துல எரிக் ஃபோசம் என்பவர், விண்கலங்களுக்குச் சின்னதா, கம்மி மின்சாரத்துல ஓடற கேமரா வேணும்னு சிமாஸ் சென்சாரை உருவாக்கிட்டிருந்தார். (இன்னைக்கு நம்ம எல்லார் செல்போன் கேமராவிலும் இருக்கிறது அந்த வகைதான்.) பேட்டரிப் பிரச்சினைக்கு விடை அங்கே கிடைச்சுது.

இடானோட சொந்த யோசனை இன்னொண்ணு. எல்லாத்தையும் மாத்திரைக்குள்ளேயே ஏன் திணிக்கணும்? மாத்திரை படம் எடுத்து அனுப்பினா போதும். வாங்கிச் சேமிக்கிற ரெக்கார்டர் நோயாளியோட இடுப்பு பெல்ட்ல இருக்கட்டும். படங்களைக் கோர்த்துக் காட்டற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கட்டும். இப்படி மூணாப் பிரிச்சதுலதான் சூட்சுமம். 1994-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். 1998-ல் கவ்ரியல் மெரோன் தலைமையில் 'கிவன் இமேஜிங்' கம்பெனி ஆரம்பமாச்சு.

இதே நேரத்துல லண்டன்ல பால் ஸ்வெய்ன் என்கிற டாக்டர், இவங்களைப் பத்தி எதுவும் தெரியாம, இதே வேலையைத் தனியாப் பண்ணிட்டிருந்தார். 1996-ல் அவரோட குழு பன்றியோட இரைப்பைக்குள்ள இருந்து வயரில்லாம நேரடிப் படம் வாங்கிக் காட்டினாங்க. ரெண்டு கோஷ்டியும் முட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். போகலை, கைகோர்த்துட்டாங்க.

1999 அக்டோபர். முதல் மாத்திரையை யார் முழுங்கறது? பால் ஸ்வெய்னே முழுங்கினார். எங்கே தெரியுமா? இஸ்ரேல்ல, ஸ்காப்பாவோட கிளினிக்ல! 18 வருஷம் முன்னாடி கேள்வி கேட்ட டாக்டரோட இடத்துலதான் பதில் உள்ளே இறங்குச்சு. முதல் தடவை படம் ஒண்ணும் பிரமாதமா வரலை. இருந்தாலும் வந்துச்சு. 2000 மே மாசம் 'நேச்சர்' இதழ்ல கட்டுரை, 2001 ஆகஸ்ட்ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி.

மாத்திரைக்கு முதல்ல வச்ச பேர் 'எம்2ஏ'. வாய்ல ஆரம்பிச்சு ஆசனவாய்ல முடியற பயணம்னு அர்த்தம். தமிழ்லதான் ரெண்டும் வாய் :-) அப்புறம் கொஞ்சம் நாகரிகமா 'பில்கேம்'னு மாத்தினாங்க. நீளம் 26 மி.மீ., அகலம் 11 மி.மீ., எடை 4 கிராமுக்கும் கம்மி. வினாடிக்கு 2 படம். 8 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டா 57,600 படம். நோயாளி முழுங்கிட்டு அவர் பாட்டுக்கு நடமாடலாம். தள்ளிட்டுப் போற வேலையைக் குடலே பார்த்துக்கும். மாத்திரை ஒரு தடவைக்குத்தான், தானா வெளியே போயிடும். யாரும் தேடி எடுக்க வேண்டாம்.

சரி, பலன்? இத்தாலிய டாக்டர் மார்கோ பென்னாசியோவும் குழுவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வுல, புலப்படாத கசிவுள்ள 100 பேரைப் பார்த்தாங்க. ரத்தப்போக்கு நடந்துட்டே இருந்தவங்கள்ல 92 சதவீதம் பேருக்குக் காரணம் தெரிஞ்சுது. கண்ணுக்குத் தெரியாம கசிஞ்சவங்கள்ல 44 சதவீதம். முன்னாடி எப்பவோ வந்து நின்னுபோனவங்கள்ல வெறும் 13. திருடன் வீட்டுக்குள்ள இருக்கும்போதே விளக்கைப் போடணும், அவ்வளவுதான். உள்ளே தெரிஞ்சது என்ன? ரத்தக்குழாய்க் கோளாறுகள், வலி மாத்திரையால் வந்த புண்கள், க்ரோன் நோய், சில பேருக்குக் கட்டி.

குறையும் இருக்கு. இது பார்க்கும், தொடாது. சதை எடுக்க முடியாது, கசிவை நிறுத்த முடியாது. அந்த வேலைக்கு ஜப்பானியர் ஹிரோனோரி யமமோட்டோ கொண்டுவந்த ரெட்டை பலூன் எண்டோஸ்கோப் இருக்கு. அதுவும் 2001-லதான் வெளியே தெரிய வந்தது. இந்தப் பக்கம் மாத்திரை இடத்தைக் காட்ட, அந்தப் பக்கம் பலூன் போய் வைத்தியம் பார்க்குதுன்னு ஜோடி சேர்ந்துட்டாங்க. இன்னொண்ணு, குடல் எங்கேயாவது குறுகியிருந்தா மாத்திரை மாட்டிக்கும். நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படி ஆகும். சந்தேகம் இருந்தா, உள்ளேயே கரையற போலி மாத்திரையை முதல்ல கொடுத்துப் பார்ப்பாங்க.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் 2015-ல் வருது. அந்த வருஷம் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர்களோட வழிகாட்டுதல், இனிமே இதைப் 'புலப்படாத கசிவு'ன்னு சொல்லாதீங்க, 'சிறுகுடல் கசிவு'ன்னு சொல்லுங்கன்னு சொல்லிடுச்சு. சிறுகுடலையும் பார்த்து, அப்பவும் கிடைக்கலைன்னாதான் பழைய பேர். யோசிச்சா, அந்தப் பழைய பேர் நோயோட பேரே இல்லை. நம்ம கையில இருந்த குழாயோட நீளத்துக்கு நாம வச்ச பேர்! ரெண்டு 'நார்மல்' ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நின்ன ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றதும், எங்களுக்குத் தெரியலைன்னு சொல்றதும் ஒண்ணாங்க?

2011-ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது இடானுக்குக் கிடைச்சுது. தகுதியான ஆள்தான், சந்தேகமே இல்லை. ஆனா எனக்கென்னவோ மனசுல நிக்கிறது அந்தப் பக்கத்து வீட்டு டாக்டர்தான். முடியாதுன்னு ஒருதடவை பதில் வந்தப்புறமும், பத்து வருஷம் கழிச்சு அதே கேள்வியை வெட்கப்படாம திரும்பக் கேட்டார் பாருங்க, அது!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சும்மா வரலாறு படிக்கிற ஆசாமி. ரத்தசோகை திரும்பத் திரும்ப வந்தா டானிக்கோட நிறுத்தாம, ஏன் வருதுன்னு உங்க டாக்டரைக் கேளுங்க. பதில் வரலைன்னா, ஸ்காப்பா மாதிரி மறுபடியும் கேளுங்க.