நோயாளியின் கணக்கில் எழுதப்படும் தாமதம்: விசாரணைத் தகுதியும் விரைவு விசாரணை உரிமையும்

1972 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. 7ஆம் தேதி ஜாக்சன் எதிர் இண்டியானா. 22ஆம் தேதி பார்க்கர் எதிர் விங்கோ. வழக்கைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இல்லாத ஒருவரை அரசு எவ்வளவு காலம் அடைத்து வைக்கலாம் என்பது முதல் வழக்கின் கேள்வி. விரைவான விசாரணை பெறும் உரிமை மீறப்பட்டதா என்பதை நீதிமன்றம் எப்படிக் கணிக்க வேண்டும் என்பது இரண்டாவதன் கேள்வி. பார்க்கர் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஜாக்சன் வழக்கில் பங்கேற்கவில்லை. ஒன்றில் கண்டறிந்த உண்மை மற்றதன் அளவுகோலுக்குள் நுழையவே இல்லை.

அந்த இடைவெளி இன்றும் குற்றவியல் மேல்முறையீடுகளில் தொடர்கிறது. மனத்தகுதி இன்மையால் ஏற்படும் தாமதத்தை நீதிமன்றங்கள் யாருடைய பொறுப்பிலும் சேராத காலமாகவோ, குற்றஞ்சாட்டப்பட்டவரே வரவழைத்துக்கொண்ட காலமாகவோ கருதிவருகின்றன. அந்தக் காலத்தில் பெரும்பகுதி அரசின் பொறுப்பில் சேர வேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்திய உச்ச நீதிமன்றம் 1991இலேயே இதற்கான அடித்தளத்தைப் போட்டுவிட்டது. அதன் மேல் கட்டிடம் எழும்பவில்லை.

ஜாக்சன் வழக்கின் நாயகர் காது கேளாதவர், பேச இயலாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அறிவு வளர்ச்சியும் குன்றியிருந்தது. இரண்டு பெண்களிடமிருந்து பொருளும் பணமும் பறித்ததாக வழக்கு. இரண்டும் சேர்ந்து மதிப்பு ஒன்பது டாலர். அவர் விசாரணைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தகுதி பெறும்வரை மருத்துவமனையில் வைத்திருங்கள் என்றது விசாரணை நீதிமன்றம். வராத நாளுக்காகக் காத்திருப்பது ஆயுள் தண்டனை என்பதை உச்ச நீதிமன்றம் கண்டுகொண்டது. அண்மைக் காலத்தில் தகுதி திரும்புமா என்று தீர்மானிக்கத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. திரும்பாது என்றால் மற்ற குடிமக்களுக்குப் பொருந்தும் மனநலச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுங்கள், இல்லையேல் விடுவியுங்கள் என்றது. குற்றச்சாட்டையே தள்ளுபடி செய்ய வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது மட்டும் நீதிமன்றம் ஒதுங்கியது. அதற்கு விரைவு விசாரணை உரிமை ஓர் அடிப்படையாகலாம் என்று குறிப்பிட்டு, அது தம்முன் முழுமையாக வைக்கப்படவில்லை என்று விட்டுவிட்டது.

விட்டுவிட்ட கேள்விக்கு பார்க்கரில் விடை கிடைத்திருக்கலாம். ஆனால் பார்க்கர் முற்றிலும் வேறு வகை மனிதர். கென்டக்கியில் 1958இல் முதிய தம்பதியர் கொல்லப்பட்ட வழக்கு அது. கூட்டாளியை முதலில் தண்டித்து, பிறகு அவரைச் சாட்சியாக்கலாம் என்று காத்திருந்த அரசுத் தரப்பு பதினாறு முறை வாய்தா வாங்கியது. விசாரணை 1963இல்தான் நடந்தது. பார்க்கரோ பெரும்பாலான காலம் பிணையில் வெளியே இருந்தார்; கூட்டாளி விடுதலையானால் தன் வழக்கும் போய்விடும் என்ற கணக்கில் முதல் பதினோரு வாய்தாக்களுக்கு வாய் திறக்கவில்லை. இப்படி விவரம் தெரிந்து, வழக்கறிஞரோடு கலந்து, மௌனத்தைத் தேர்ந்தெடுத்த ஒருவரை மனத்தில் வைத்தே நான்கு காரணிகள் வகுக்கப்பட்டன. தாமதத்தின் நீளம், தாமதத்தின் காரணம், குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் உரிமையைக் கோரினாரா என்பது, அவருக்கு நேர்ந்த பாதகம்.

இந்த அளவுகோலை ஜாக்சனைப் போன்ற ஒருவர் மேல் வைத்துப் பாருங்கள். முதல் காரணி மட்டுமே ஒழுங்காகப் பொருந்தும். மூன்றாவது காரணி, உரிமை இருப்பதை அறிந்து அதைக் கோரும் மனத்தை முன்வைத்து நிற்கிறது. எந்த மனம் இல்லை என்று நீதிமன்றமே பதிவு செய்ததோ, அந்த மனம் ஏன் மனு போடவில்லை என்று அதே நீதிமன்றம் கேட்கிறது. இந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றம் வேறோர் இடத்தில் ஏற்கெனவே கண்டித்திருந்தது. 1966இல் பேட் எதிர் ராபின்சன் வழக்கில், தகுதி விசாரணை கேட்காததால் ராபின்சன் அந்த உரிமையைக் கைவிட்டார் என்று அரசு வாதிட்டது. தகுதியற்றவராக இருக்கக்கூடிய ஒருவர் அறிந்தே ஓர் உரிமையைத் துறந்தார் என்பது தன்னைத்தானே மறுக்கும் வாதம் என்று நீதிமன்றம் நிராகரித்தது. இதே தர்க்கம் பார்க்கரின் மூன்றாம் காரணிக்கு ஏன் பொருந்தாது?

நான்காவது காரணியான பாதகம் இன்னும் கடுமையானது. தாமதத்தால் நினைவு மங்கியது, சாட்சி போய்விட்டார், தற்காப்பு பலவீனமானது என்று காட்ட வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். சம்பவ நாளில் எங்கிருந்தார், யார் பார்த்தார்கள் என்பதைத் தன் வழக்கறிஞரிடமே சொல்ல முடியாதவர், எதை இழந்தார் என்று எப்படிக் காட்டுவார்? இழப்பு பெரிதாகப் பெரிதாக நிரூபணம் சிறிதாகிறது.

இரண்டாவது காரணியில் தீங்கு நுட்பமாக நடக்கிறது. மனத்தகுதி பற்றிய ஐயத்தைப் பெரும்பாலும் எழுப்புபவர் தற்காப்பு வழக்கறிஞர்தான். அது அவருடைய கடமை. ஆனால் வெர்மான்ட் எதிர் பிரில்லன் வழக்கில் 2009இல், அரசு நியமித்த வழக்கறிஞரால் ஏற்படும் தாமதமும் பொதுவாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலேயே சாரும் என்று தீர்ப்பாயிற்று. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சி விரைவு விசாரணைச் சட்டம் 70 நாள் கெடு விதிக்கிறது. மனத்தகுதிப் பரிசோதனைக்கு ஆகும் காலத்தையும் தகுதியற்று இருக்கும் காலத்தையும் அந்தக் கெடுவிலிருந்து விலக்கிவிடுகிறது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பத்து நாளுக்கு மேல் ஆனால் அது நியாயமற்றது என்று அச்சட்டமே ஊகிக்கச் சொல்கிறது. சட்டமியற்றியவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு வரி சான்று. நோயின் காலம் ஒன்று. நோயாளியை ஏற்றிச்செல்ல வண்டியும் படுக்கையும் இல்லாத காலம் வேறு.

என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல் நிற்கிறது. ஓரிகனில் 2003இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 2015க்குப் பிறகும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட நேர்ந்தது இதற்காகத்தான். தகுதியற்றவர்கள் என்று உத்தரவான பிறகும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சிறை அறையில் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். ஏழு நாளுக்குள் மருத்துவமனை சேர்க்க வேண்டும் என்று ஓரிகனுக்கு உத்தரவாயிற்று. படுக்கை பற்றாக்குறை அரசின் வரவுசெலவுத் திட்டத்தின் விளைவு. அதை நோயாளி ஏற்படுத்திய தாமதம் என்று எந்த நேர்மையான கணக்கும் எழுதாது.

இந்தியாவுக்கு வருவோம். 1991இல் அப்துல் ரஹ்மான் அந்துலே எதிர் ஆர்.எஸ். நாயக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பிலிருந்து விரைவு விசாரணை உரிமையின் உட்கூறுகளை விரித்துரைத்தது. பார்க்கர் அதில் விரிவாக அலசப்பட்டது. சமன்செய்து பார்க்கும் முறை ஏற்கப்பட்டது. ஆனால் இரண்டு இடங்களில் நம் நீதிமன்றம் அமெரிக்காவைத் தாண்டிச் சென்றது. உரிமையைக் கோரவில்லை என்பதை ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. தன்னைத் தானே விசாரித்துக்கொள்ள எவராலும் முடியாது, விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை என்றது. அடுத்து, இந்த உரிமை புலனாய்விலிருந்து மேல்முறையீடு, சீராய்வு, மறுவிசாரணை வரை எல்லாக் கட்டங்களுக்கும் உரியது என்றது. அமெரிக்காவிலோ 2016இல் பெட்டர்மன் எதிர் மொன்டானா தீர்ப்பு, குற்றவாளி என்று முடிவானதும் விரைவு விசாரணை உத்தரவாதம் நின்றுவிடுகிறது என்றது.

அந்துலேயில் எனக்குத் தடையாக நிற்கும் ஒரு கூற்றும் உண்டு. இரு தரப்பில் எவரும் நல்லெண்ணத்துடன் தொடுக்கும் நடவடிக்கைகளுக்கு ஆகும் காலம் தாமதமாகக் கணக்கிடப்படாது என்கிறது தீர்ப்பு. மனத்தகுதி மனு அத்தகைய நடவடிக்கைதானே என்று அரசுத் தரப்பு கேட்கும். கேட்பது நியாயம். மனு மீதான விசாரணை, மருத்துவர் அறிக்கை, அதன் மீதான வாதம் ஆகியவற்றுக்கு உரிய காலத்தைக் கழித்துவிடலாம். உத்தரவு பிறந்த பின் மருத்துவமனை இடத்துக்கும், அறிக்கை நீதிமன்றம் வந்து சேரவும், தேறியவரை மீண்டும் கூண்டில் நிறுத்தவும் ஆகும் காலம் எந்த மனுவின் பகுதியும் ஆகாது.

அந்தக் காலம் எப்படி நீளக்கூடும் என்பதற்கு நம் சட்ட இதழ்களே சாட்சி. 1982இல் வீணா சேத்தி எதிர் பீகார் மாநிலம் வழக்கில், ஹசாரிபாக் மத்திய சிறையில் மனநோயாளிகள் என்று அடைக்கப்பட்டு, தெளிந்த பிறகும் 20, 30 ஆண்டுகள் கிடந்தவர்கள் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தார்கள். ஒரு கடிதம்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ருதுல் சா வழக்கு. 1968 ஜூனில் முசாஃபர்பூர் அமர்வு நீதிமன்றம் விடுதலை செய்தவர், 1982 அக்டோபரில்தான் சிறைக்கு வெளியே வந்தார். ஏன் என்று கேட்டபோது, அவர் சித்த சுவாதீனம் இல்லாமல் இருந்தார் என்றது மாநில அரசு. அதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் எதையும் அது காட்டவில்லை. 35,000 ரூபாய் இழப்பீட்டுக்காக அந்த வழக்கு சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. மனநோய் என்ற ஒரு சொல் பதினான்கு ஆண்டுகளுக்கு விளக்கமாகச் செல்லும் என்று ஒரு மாநில அரசு நம்பியது அதைவிட முக்கியமான பாடம். அசாமில் 1951இல் கைதான ஒருவர், தேறிவிட்டார் என்று 1967இல் மருத்துவர்கள் எழுதிய பிறகும் விசாரணை இன்றியே 2005 வரை அடைபட்டிருந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008இல் வந்த திருத்தம் ஒன்று போதிய கவனம் பெறவில்லை. தற்காப்பு செய்ய இயலாதவர் என்று தெரிந்தாலும், அவரைக் கேள்வி கேட்காமல், அவருடைய வழக்கறிஞரைக் கேட்டு, முதல்நோக்கிலேயே வழக்கு இல்லை என்றால் விசாரணையை ஒத்திவைப்பதற்குப் பதிலாக அவரை விடுவிக்க அது வழிசெய்தது. தகுதியின்மை எல்லாவற்றையும் உறைய வைக்க வேண்டியதில்லை என்று ஜாக்சன் தொட்டுச் சென்றதை நம் சட்டம் விதியாகவே எழுதியது. அச்சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதைத் தக்கவைத்திருக்கிறது. பிணையில் விட முடியாத குற்றமானாலும் உறவினர் பொறுப்பில், வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி விடுவிக்கவும் வழி உண்டு. அழைத்துச்செல்ல உறவினர் இல்லாதவருக்கு இந்த வழி அடைபட்டே கிடக்கிறது.

மேல்முறையீட்டில் சிக்கல் இன்னொரு மடங்கு கூடுகிறது. விசாரணை நடந்தபோது இவர் தகுதியற்றவராக இருந்தார் என்று மேல்நீதிமன்றம் கண்டால் என்ன செய்வது? முந்தைய மனநிலையைத் திரும்பிப் பார்த்து அளப்பது கடினம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டஸ்கி வழக்கில் 1960இலும், பேட் வழக்கிலும், 1975இல் ட்ரோப் வழக்கிலும் ஒப்புக்கொண்டது. எனவே பரிகாரம் மறுவிசாரணை. டஸ்கியே மறுபடி விசாரிக்கப்பட்டு, மறுபடி தண்டிக்கப்பட்டார். 45 ஆண்டுத் தண்டனை 20 ஆனது. ஆனால் மறுவிசாரணை வந்ததும் விரைவு விசாரணையின் காலக்கணக்கு பெரும்பாலும் புதிதாகத் தொடங்குகிறது. மேல்முறையீட்டில் வென்றவர் அதற்கு ஆன காலத்தைக் குறைகூற முடியாது என்பதே 1966இன் யூவெல் வழக்கு தொட்டு வரும் போக்கு. நீதிமன்றம் செய்த பிழையைச் சுட்டிக்காட்டி வென்றவர், அந்தப் பிழைக்குச் செலவான ஆண்டுகளையும் சேர்த்தே இழக்கிறார். மறுவிசாரணைக்குத் தகுதி திரும்பும்வரை மீண்டும் மருத்துவமனை, மீண்டும் விலக்கப்பட்ட காலம்.

இந்தியாவில் இதற்கு வேறு விடை சொல்ல இடம் இருக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் உள்ளவரை, தண்டனை விதிக்கப்பட்டிருந்தாலும், விசாரணை தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்று அக்தரி பி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் கைது முதல் மறுவிசாரணை உத்தரவு வரை ஓடியது ஒரே காலம். அதை இரண்டாக வெட்டி, முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எண்ணுவதற்கு அந்துலேயில் ஆதாரம் இல்லை.

இதற்கு எழும் வலுவான மறுப்பு பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து வருவது. கொலை வழக்கில் நோயைக் காரணம் காட்டிக் காலம் கடத்தி, கடைசியில் காலம் கடந்துவிட்டது என்று தப்பிக்கலாமா? நோய் நடிப்பவர்களும் உண்டு. இக்கேள்வியை எளிதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. கொலையுண்டவரின் தாய்க்கும் விரைவான நீதியில் பங்கு உண்டு. ஆனால் நடிப்பு என்று கண்டால் அந்தக் காலத்தை அவர் பொறுப்பிலேயே சேர்க்க முழு அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஆபத்தானவர் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மறுஆய்வுக்கு உட்பட்ட சிகிச்சைச் சேர்க்கை உண்டு. இவ்விரண்டிலும் சேராத காலத்தைப் பற்றி மட்டுமே நான் பேசுகிறேன். அது யாருக்கும் நீதி தராத காலம். அதில் சாட்சிகள் இறக்கிறார்கள், அரசுத் தரப்பின் வழக்கும் சேர்ந்தே அழிகிறது.

உடனடியாகத் தீர்மானிக்கப்பட வேண்டிய இடம் சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடச் சொல்லும் அப்பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏற்படுத்திய தாமதத்தைக் கழித்துவிடச் சொல்கிறது. மனத்தகுதி இன்மையால் ஓடிய ஆண்டுகள் இந்த விளக்கத்துக்குள் வரும் என்று ஒரு நீதிமன்றம் படித்தால், யாருக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவையோ அவருக்கே அது பயன்படாமல் போகும். தாமதத்தை ஏற்படுத்துவது என்பது செயல், நோயுறுவது செயலாகாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களை இப்பிரிவு அறவே விலக்குவதால், கடும் குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிக்கு எஞ்சுவது 21ஆம் உறுப்பு மட்டுமே. ஆகவே உயர் நீதிமன்றங்கள் இத்தகைய மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு அனுப்பும்போது அதே உத்தரவில் தகுதி மதிப்பீட்டுக்கும் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் கெடு விதிக்க வேண்டும். கெடு மீறப்பட்டால் வழக்கைத் தொடர அனுமதிப்பதா, தண்டனையைக் குறைப்பதா, ரத்து செய்வதா என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அந்துலே தீர்ப்பு அவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.