அரசாங்கக் கடிதம் யாருடைய வீட்டில்?

ஹிலாரி கிளின்டனின் மின்னஞ்சல் கதையை எங்களில் கனபேர் 2016 தேர்தல் சண்டையாகத்தான் கேட்டிருப்போம். வரலாறு படிக்கிற நாங்கள் அதை ஆவணங்களின் பக்கமிருந்தும் பார்க்கவேணும்.

அமெரிக்கத் திணைக்களங்கள் தங்கள் ஆவணங்களைப் பேணவேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம். நிக்சனின் ஒலிநாடாப் பிரச்சினைக்குப் பிறகு, 1978 இல், ஜனாதிபதியின் ஆவணங்களும் நாட்டின் சொத்து என்றானது. மின்னஞ்சல் வந்ததும் இந்த வேலியில் பொட்டு விழுந்தது. புஷ் காலத்தில் வெள்ளை மாளிகை அலுவலர்கள் சிலர் குடியரசுக் கட்சியின் கணக்குகளில் அரச அலுவல் பார்த்தது 2007 இல் வெளிவந்தது.

2009 முதல் 2013 வரை இராஜாங்கச் செயலாளராக இருந்த கிளின்டன், தன் வீட்டுச் சேர்வர் வழியாகவே எழுதினார். 2014 டிசம்பரில் ஏறத்தாழ 30,000 மின்னஞ்சல்களை ஒப்படைத்தார். கிட்டத்தட்ட அதேயளவு, ‘தனிப்பட்டவை’ எண்டு ஒதுக்கப்பட்டு பிறகு அழிக்கப்பட்டன. ஒப்படைக்கப்படாத பல ஆயிரம் அலுவல் மின்னஞ்சல்களை எப்.பி.ஐ. கண்டெடுத்தது. மறைப்பதற்காக அழித்ததற்கு ஆதாரமில்லை என்றும் 2016 இல் சொன்னது.

எங்களுக்கு இதுதான் முக்கியம். கள்ளம் இல்லாமலே ஆவணம் தொலையலாம். எது அலுவல், எது சொந்தம் எண்டு பிரித்தது அவருடைய சட்டத்தரணிகளின் பக்கம், சுவடிக்காப்பாளர்கள் இல்லை.

தனிப்பட்ட கணக்கில் அலுவல் எழுதினால் 20 நாளுக்குள் அலுவலகக் கணக்குக்குப் பிரதி போகவேணும் என்கிறது 2014 இன் திருத்தம். நல்லது. ஆனால் அந்தப் பிரதியை அனுப்பவேண்டியவரும் எழுதினவர் தானே?