பதிவேடும் படுக்கைப்புண்ணும்
ஐதராபாத்தின் ஜீடிமெட்லா போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் ‘நர்சிங் ஹோம்’ என்பது சிறு தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். பிரிட்டனில் அச்சொல் முதியோர் பராமரிப்பு இல்லத்தைச் சுட்டும். பொருள் எதுவாயினும் தரத்தை அளப்பது எவ்வாறு?

1949இன் பம்பாய் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டமும், ஆந்திரப் பிரதேசத்தின் 2002ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டமும் பதிவையே அடித்தளமாகக் கொண்டவை. 1966இல் அவெடிஸ் டோனபீடியன் பராமரிப்பின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று வழிகளில் அணுகலாம் என்றார். கட்டடம், கருவி, செவிலியர் எண்ணிக்கை ஆகியன கட்டமைப்பு. பதிவேட்டில் எளிதில் அடங்குவது அதுவே. எழ இயலாத நோயாளியை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்தார்களா என்பது செயல்முறை. படுக்கைப்புண் வந்ததா என்பது விளைவு.

உரிமம் வாசலைத் திறக்கிறது. பராமரிப்புக்குச் சான்று நோயாளியின் முதுகிலேயே உள்ளது. ஆய்வாளர்கள் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.