நீலக்கோடு

நகரசபைச் செய்திகள் எழுதத் தொடங்கிய நாள் முதல், குழாய் நீடிப்பு விதிகளில் எனக்கோர் ஈடுபாடு உண்டு. வாசிக்கச் சலிப்பானவைதாம், ஆயினும் ஓர் ஊரின் எல்லையை எழுதுபவை அவையே.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ரொக்கி மலையடிவாரத்தில் உள்ள பல்கலைக்கழக நகரம் போல்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சனத்தொகை பெருக, வீடுகள் மலைச்சரிவில் ஏறலாயின. பௌதிகவியல் பேராசிரியர் அல் பார்ட்லெட்டும் கணிதப் பேராசிரியர் றொபேர்ட் மக்கெல்வியும் ஒரு வழி கண்டார்கள். கட்டடத்தை விட்டுவிட்டுக் குழாயில் கைவைத்தார்கள்! கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,750 அடிக்கு மேல் நகர நீர் போகலாகாது என்ற திருத்தம் 1959 இல் வாக்கெடுப்பில் வென்று நகரின் சாசனத்தில் இடம்பிடித்தது. அந்த எல்லைக்குப் பெயர் நீலக்கோடு. மேலே காணி வைத்திருந்தவருக்குக் காணி இருந்தது, குழாய்நீர் இல்லை.

கோட்டைப் போட்ட மக்களே அதைத் தளர்த்தவும் செய்தனர். 1961 இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு வாக்களித்து விலக்களித்தார்கள். ஐ.எம். பெய் வடிவமைத்த அதன் கட்டடம் கோட்டுக்கு மேலே எழுந்தது. 2016 இல் கோடு செல்லும் இடமும் வாக்கெடுப்பினால் திருத்தப்பட்டது.

மலை பிழைத்தது, மறுப்பதற்கில்லை. 1967 முதல் விற்பனை வரிப் பணத்தில் சுற்றுப்புற நிலத்தையும் நகரம் வாங்கலாயிற்று. கட்டுவதற்குக் காணி அருகிய ஊரில் வீட்டு விலை ஏறாதிருக்குமா? போல்டரில் வேலை செய்வோர் பலர் அயலூர்களிலிருந்தே நாளாந்தம் வந்துபோகிறார்கள்.