வேட்டைக்காடும் வரி வில்லையும்

பெர்லின் நகரத்துப் பாதாள ரயிலில் ஆளோடு ஆளாக நாயும் ஏறுகிறது. உணவகத்தில் மேசைக்கடியில் படுத்துக்கொள்கிறது. கேட்காமலே அதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வந்துவிடுவதும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஜெர்மானியருக்கு நாய் என்றால் உயிர். அது பொய்யில்லை, ஆனால் அதனால் எதுவும் விளங்கிவிடுவதும் இல்லை. நாய்மேல் பிரியம் எந்த நாட்டில் இல்லை? ஒரு பெருநகரத்தை நாயோடு நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம் என்ற நிலைமைதான் அபூர்வம். பெர்லினில் அந்த நிலைமை உருவானதற்கு இரண்டு காரணங்கள் என்று நினைக்கிறேன். மன்னர்களின் வேட்டை நிலம் மக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்டது ஒன்று. நாய் அரசாங்கக் கணக்கில் ஏறியது இன்னொன்று. நடக்கிற மனிதருக்கு வந்த உரிமையை ஒட்டிக்கொண்டுதான் நாய்க்கும் உரிமை வந்தது.

பிராண்டன்பர்க் வாயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் டியர்கார்ட்டன் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டில் பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் அங்கே வேலி போட்டு மான்களை விட்டு வேட்டையாடினார்கள். அப்போதும் அங்கே நாய் ஓடியது. ஆனால் அது மன்னரின் நாய். 1742இல் அவர்கள் வழிவந்த பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் அந்த வேலியைப் பிடுங்கச் சொல்லி, இடத்தை மக்கள் உலாவும் பூங்காவாக மாற்ற உத்தரவிட்டார். அவருக்கு வேட்டை பிடிக்காது. ஆனால் மெலிந்த உடல்வாகு கொண்ட இத்தாலிய வேட்டைநாய்களைச் செல்லமாக வளர்த்தார். பக்கத்து நகரமான போட்ஸ்டாமில் தம் ஸான்ஸூசி மாளிகையை ஒட்டிய திறந்த மேடையில், அந்த நாய்களுக்கு அருகிலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். 1786இல் அவர் இறந்ததும், அடுத்து வந்த மன்னர் அது அரச மரியாதைக்குப் பொருந்தாது என்று தேவாலயத்தில் அடக்கம் செய்துவிட்டார். விருப்பம் நிறைவேறியது 1991 ஆகஸ்ட் 17 அன்றுதான். இன்று அவருடைய கல்லின் மேல் பார்வையாளர்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பயிரிடச் சொன்ன மன்னர் என்பதற்காக. சில அடி தள்ளி நாய்களின் கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன.

நகரத்தின் மேற்கிலுள்ள க்ரூனவால்ட் காட்டின் கதை இதைவிட முக்கியமானது, ஏனென்றால் அங்கே எந்த மன்னரும் மனமுவந்து கொடுக்கவில்லை. 1542இல் கட்டிய வேட்டை மாளிகை ஏரிக்கரையில் இன்றும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் வீங்கத் தொடங்கியபோது காட்டின் ஓரத்தில் பணக்காரர்களின் மாளிகைகள் முளைத்தன. அரசே நிலத்தைத் துண்டு துண்டாக விற்றது. 1904இல் இரண்டு செய்தித்தாள்கள் காட்டைக் காப்பாற்றக் கோரி 30,000 கையெழுத்துகளைத் திரட்டின. கடைசியில், 1915 மார்ச்சில், பெர்லின் பெருநகரக் கூட்டமைப்பு ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் காட்டை 5 கோடி மார்க் கொடுத்துப் பிரஷ்ய அரசிடமிருந்து வாங்கியது. இனி அதில் கட்டடம் எழுப்பக்கூடாது, மறுவிற்பனை செய்யக்கூடாது என்பது நிபந்தனை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு நகரம் காட்டுக்காக இவ்வளவு பணத்தை எடுத்துக் கொடுத்தது. இன்று க்ரூனவால்ட் ஏரியைச் சுற்றிக் கயிறு இல்லாமல் ஓடி, தண்ணீரில் பாய்ந்து, உடம்பை உதறும் ஒவ்வொரு நாயும் அந்த ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கிறது.

நிலம் கிடைத்ததால் மட்டும் நாய் உள்ளே வந்துவிடாது. இங்கேதான் வரி வருகிறது. நெப்போலியனிடம் தோற்றுக் கஜானா காலியாகிக் கிடந்த பிரஷ்யாவில், 1810 அக்டோபரில் முதலமைச்சர் ஹார்டன்பெர்க் ஆடம்பர வரி ஒன்றைக் கொண்டுவந்தார். வேலைக்காரர், குதிரை, கோச்சு வண்டி, நாய் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. நான்கே ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. ஆனால் 1829இல் நகராட்சிகள் நாய் ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 தாலர் (அன்றைய நாணயம்) வரை வரி விதிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நோக்கம் நாய்களைக் குறைப்பது. வெறிநாய்க்கடி அன்றைய நகரங்களின் பெரும் பயம். வரி கட்டிய நாயின் கழுத்தில் எண் பொறித்த உலோக வில்லை தொங்கும். வில்லை இல்லாத நாய் யாருடையதும் அல்ல, பிடித்துக்கொண்டு போகலாம். கொடுமையான ஏற்பாடு என்று தோன்றும், கொடுமைதான். ஆனாலும் அந்தச் சிறு தகடு ஒவ்வொரு நாய்க்கும் பொறுப்பாளி ஒருவரைக் காட்டிக் கொடுத்தது. பொறுப்பாளி தெரிந்த விலங்கைத்தான் ரயிலிலும் கடையிலும் பக்கத்தில் நிற்க விடுவார்கள்.

வரிப்பணம் நாய்களுக்காகச் செலவாவதே இல்லையே என்று ஜெர்மன் நாய்க்காரர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். நியாயமான முணுமுணுப்பு. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. நாடு முழுவதும் வசூல் 40 கோடி யூரோவைத் தாண்டுகிறது. அது பொது நிதியில்தான் சேருகிறது. ஆனால் நான் பேசுவது பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றி அல்ல. பதிவு என்ன செய்தது என்பதைப் பற்றி. பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு இந்த வரி கிடையாது. முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரத்தில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது; 1923இல் போட்ஸ்டாமிலும் ஒன்று வந்தது. நெரிசலான தெருவில் ஒரு மனிதரைப் பத்திரமாக நடத்திச் செல்லும் வேலையாளாக நாயை அந்த நகரங்கள் பார்த்தன.

பிரியம்தான் காரணம் என்பவர்களுக்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம். விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெருமையோடு 1933இல் இயற்றிய நாஜி அரசுதான், 1942இல் யூதர்கள் நாய், பூனை, பறவை எதையும் வளர்க்கக்கூடாது என்று தடை போட்டது. சில தெருக்களும் பூங்கா இருக்கைகளும் அவர்களுக்கு முன்பே மறுக்கப்பட்டிருந்தன. கடைசியில் உடன் நடக்கும் பிராணியும் போனது. ஷோனபெர்க் பகுதியில் விளக்குக் கம்பங்களில் மாட்டியிருக்கும் நினைவுப் பலகைகளில் ஒன்று இந்தத் தடையைச் சொல்கிறது. இரண்டாவது சான்று பெர்லின் சுவர். கிழக்கு ஜெர்மனியின் எல்லைக் காவலர்கள் சுவரோரம் நீளக் கம்பி இழுத்து, அதில் சங்கிலியால் காவல் நாய்களைக் கட்டினார்கள். கம்பி போகும் தூரம்தான் அந்த நாய்களின் உலகம். சுவர் விழுந்ததும் அவை வீடுகளுக்குத் தரப்பட்டன. மேற்கிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். இன்று அதே தடத்தில் சுமார் 160 கிலோமீட்டர் நடைபாதை ஓடுகிறது. மனிதர் நடக்க முடியாத இடத்தில் நாயும் கட்டிக்கிடந்தது. மனிதர் நடக்கத் தொடங்கியதும் அதுவும் நடந்தது.

சட்டம் இறுகிக்கொண்டே போவதால் இந்தச் சுதந்திரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் இரண்டு நாய்கள் ஒரு சிறுவனைக் கடித்துக் கொன்றபின் மாநிலங்கள் விதிகளைக் கடுமையாக்கியது உண்மை. பெர்லினிலும் 2019 முதல், க்ரூனவால்ட் ஏரி போன்ற இடங்களைத் தவிர, பொது இடங்களில் கயிறு கட்டாயம்; தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியவருக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. 2015இல் ஷ்லாக்டன்ஸே ஏரியின் கரைப்பாதையில் நாய்களுக்குத் தடை வந்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. குளிக்க வருகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கரை சொந்தம்தான். இரண்டு தரப்பும் பொது நிலம் என்ற ஒன்றை ஒப்புக்கொண்டுதான் சண்டை போட்டன. வேட்டைக்காலத்தில் இந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. பெர்லினுக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை க்ரூனவால்ட் ஏரிக்கு ஒதுக்குங்கள். அந்த நகரத்தின் வரலாற்றை அங்கே நாய்களோடு நடந்தே பார்க்கலாம்.