பஃபரும் கிளாக்கும்: ஐந்து வரிக்கு ஓர் உரை

விநாடிக்கு 2.048 மெகாபிட் ஓடும் ஈ1 இணைப்பு ஒன்று, புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக மைய நிலையத்தையும் தொலை நிலையத்தையும் சேர்க்கிறது. இரு மோடம்களிலும் கிளாக், பஃபர் பற்றி இட வேண்டியவை ஐந்தே வரிகள்.

மையம், அனுப்பும் கிளாக்: வெளியிலிருந்து

மையத்தில் எக்ஸ்சேஞ்சின் கிளாக்கோ, ஜிபிஎஸ் கிளாக்கோ இருக்கும். மோடம் அதன் துடிப்பையே பின்பற்றட்டும் என்பது பொருள். இணைப்பு முழுதுக்கும் எஜமான் யார் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

தொலை நிலையம், அனுப்பும் கிளாக்: வரும் சிக்னலிலிருந்து

இறங்கும் சிக்னலிலிருந்து மீட்டெடுத்த துடிப்பிலேயே தொலை மோடம் திருப்பி அனுப்புகிறது. லூப் டைமிங் என்பது இதுதான். சொந்தக் கிளாக்கில் ஓட விட்டால் என்ன ஆகும்? இரண்டு கிளாக்குக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே விநாடிக்கு இரண்டு பிட் கூடும் அல்லது குறையும். மையத்தின் 16,384 பிட் பஃபர் பாதி நிரம்பி நின்றால், மீதமுள்ள 8,192 பிட் இடம் 4,000 விநாடியில், அதாவது ஒரு மணி ஏழு நிமிடத்தில் தீர்ந்து ஸ்லிப் விழும்; அதாவது பிட்கள் தொலையும் அல்லது மறுபடி வரும். பஃபரை இரட்டித்தால் ஸ்லிப் இரண்டே கால் மணிக்கு ஒருமுறை வரும்; நிற்காது. ஸ்லிப் என்றதும் பஃபரைப் பெரிதாக்குவது தவறான வைத்தியம். போய்த் திரும்பும் வேறுபாட்டைத்தான் பஃபர் தாங்கும். ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போவதைத் தாங்காது.

தொலை நிலையம், பெறும் பஃபர்: தேவையில்லை

அங்குள்ள கருவியும் மோடம் தரும் கிளாக்கிலேயே ஓடுவதால் ஈடுகட்ட எதுவும் இல்லை. அந்தக் கருவி தன் கிளாக்கில் ஓடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மையம், பெறும் பஃபர்: 16,384 பிட், பாதி நிரம்பிய நிலையில்

கிளாக் ஒன்றே என்றான பிறகு பஃபர் எதற்கு? செயற்கைக்கோள் அசைகிறது, அதற்காக. வானில் நிலையாக நிற்பதுபோலத் தெரிந்தாலும், தன் இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை அது ஊசலாடுகிறது. நெருங்கும்போது பிட்கள் சற்று விரைவாக வந்து சேரும், விலகும்போது தாமதிக்கும். டாப்ளர் விளைவுதான்.

கணக்குப் பார்ப்போம். நிலையத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான தூரம் நாளுக்குள் 75 கிலோமீட்டர் மாறுகிறது என்று கொள்வோம். ஒளி அதைக் கடக்க கால் மில்லிவிநாடி. மையத்தின் துடிப்பு மேலே போய், இறங்கி, தொலை நிலையத்தில் திரும்பி, மீண்டும் ஏறி இறங்குகிறது. நான்கு பயணம், ஒரு மில்லிவிநாடி, 2,048 பிட். பஃபரை இயக்கும் நேரத்தில் ஊசலின் எந்தப் புள்ளியில் இருக்கிறோம் என்று தெரியாது. ஆகவே இரு பக்கமும் அவ்வளவு இடம் வேண்டும்: 4,096 பிட். இது கீழ் எல்லை. அதில் நான்கு மடங்கு வைப்பது தாராளம்தான். ஆனால் கூடும் தாமதம் 4 மில்லிவிநாடியே. விண்வெளிப் பயணமே கால் விநாடி பிடிக்கும் இணைப்பில் அது பெரிதல்ல. வடக்கு தெற்காகச் சாய்ந்த சுற்றுப்பாதைக்குப் போய்விட்ட பழைய செயற்கைக்கோள் என்றால் மட்டும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

ஏன் முழு எண்ணாக 16,000 என்று வைக்கவில்லை? ஈ1 ஃப்ரேம் 256 பிட். 16,384 என்பது சரியாக 64 ஃப்ரேம். 16,000 அப்படி வகுபடாது. பஃபர் ஃப்ரேம் கணக்கில் இருந்தால், ஸ்லிப் விழுந்தாலும் முழு ஃப்ரேம்களாகவே போகும். அடுத்துள்ள கருவி ஃப்ரேமின் தொடக்கத்தைத் தொலைத்துத் தேடாது.

மையம், பஃபரை வாசிக்கும் கிளாக்: வெளியிலிருந்து

எளிதில் தவறவிடும் வரி இது. இங்கே ‘வரும் சிக்னல்’ என்று இருந்துவிட்டால், பஃபருக்குள் நுழைவதும் வெளியேறுவதும் ஒரே துடிப்பில் நடக்கும். பஃபர் இருந்தும் பயனில்லை. அசைவு முழுதும் எக்ஸ்சேஞ்சின் தலையில் விழும்.

ஐந்தையும் இட்டபின் பஃபரை நடுவில் நிறுத்தி, நிரம்பல் சதவீதத்தை 24 மணி நேரம் குறித்துவையுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி அது 12.5 சதவீத அகலத்துக்குள் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். ஒரே திசையில் நகர்ந்தால் பஃபரைத் தொடாதீர்கள். கிளாக் வரிகளைப் பாருங்கள்.