உறக்கம் தந்த வேர்



நான் வாழும் கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகளின் திருக்கோயில் இருக்கிறது. அதே புதுவையில் 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். இன்றைய ஜிப்மர் அதன் வழிவந்தது. சித்தர் மரபும் மேனாட்டு மருத்துவமும் இவ்வாறு அருகருகே இருப்பினும், நாட்டு மருத்துவத்தையும் மேனாட்டு மருத்துவத்தையும் பகையென்றே பலர் எண்ணுகின்றனர். இரண்டும் இணைந்து பயன் தந்த ஒரு வரலாற்றைக் கூறுகிறேன்.

சர்ப்பகந்தி என்பது ஒரு சிறு செடி. உறக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் அதன் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். பீகாரில் ஏழை மக்கள் குழந்தைகளை உறங்கவைக்கவும் அதனைப் பயன்படுத்தினர். வேர் உறக்கம் தரும் என்பதை அனுபவம் காட்டிற்று. அது எவ்வாறு தருகிறது என்பதை அறியும் வழி அன்று இல்லை.

1931-ஆம் ஆண்டில் அவ்வழி திறந்தது. தில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரின் சத்துக்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு, யுனானி மேதை ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவில், ஆயுர்வேதமும் மேனாட்டு மருத்துவமும் ஒருங்கே கற்ற கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸுடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேர்த்தூள் உறக்கம் தருவதோடு இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று இருவரும் எழுதினர்.

1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ‘ரெசர்பின்’ என்னும் சத்தைப் பிரித்தனர். அது நரம்பணுக்கள் சேமித்து வைத்திருக்கும் சில வேதிப்பொருள்களை வற்றச் செய்து, மனக்கொந்தளிப்பை அடக்கியது. 1954-இல் அமெரிக்காவில் நேதன் க்ளைன் அதனை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார்.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. ரெசர்பினை உண்ட சிலருக்கு மனச்சோர்வு தோன்றியதாக மருத்துவர்கள் அறிவித்தனர். வேறு மருந்துகள் வந்தபின் அதன் செல்வாக்குக் குறைந்தது. நன்மையைக் கண்டறிந்த அதே ஆராய்ச்சி, தீமையையும் மறைக்காமல் எடுத்துரைத்தது.

நாட்டு வைத்தியரின் அனுபவம் இன்றேல், அறிஞர்கள் எந்த வேரை ஆராய்வது என்று அறிந்திரார். ஆராய்ச்சி இன்றேல், அதன் அளவும் ஆபத்தும் தெளிவாகியிரா. ஆதலின் உறக்கம் வாராதோர், பழமையானது என்று நம்பி வேர்த்தூளையோ, புதுமையானது என்று நம்பி மாத்திரையையோ தாமே வாங்கி உண்ணலாகாது. தக்க மருத்துவரை நாடுதல் வேண்டும். முன்னோர் மொழிந்ததை இகழாதீர்கள். ஆராயாமல் ஏற்கவும் செய்யாதீர்கள்.